வாய் மூடிய கலங்கள்: தோஷிகோ தகாயேசுவின் மண்கலையும் இயற்கையும்

கைக்கு அடங்கும் அளவுள்ள உருண்டையான மட்கலம் ஒன்று. எடுத்து மெல்ல ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டு சுவரில் மோதும் ஓசை கேட்கிறது. என்னவென்று திறந்து பார்க்கலாம் என்றால் கலத்திற்கு வாயே இல்லை. உச்சியில் சிறு காம்பு போன்ற புடைப்பும் அதன் நடுவே நுண்ணிய துளையும் மட்டுமே உண்டு. உள்ளிருப்பதைக் காண வேண்டுமானால் கலத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் ஓசையும் போய்விடும்.

இக்கலத்தை வனைந்தவர் தோஷிகோ தகாயேசு. ஹவாய்த் தீவில் பிறந்து அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மட்கலக் கலைஞர். 1922 முதல் 2011 வரை அவர் வாழ்ந்த காலம். உள்ளே எழும் ஓசை தற்செயலாகப் பிறந்தது. வனைந்துகொண்டிருந்த கலம் ஒன்றினுள் களிமண் துணுக்கு ஒன்று தவறி விழுந்துவிட்டது. சுட்டெடுத்த பின் கலத்தை அசைத்தபோது அத்துணுக்கு ஒலி எழுப்பியது. வேறொருவராயின் அதனைப் பிழை எனக் கருதி ஒதுக்கியிருக்கக்கூடும். இவ்வம்மையாரோ அன்றுமுதல் வேண்டுமென்றே அதனைச் செய்யலானார். சிறு மண் உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கலத்தினுள் இட்டு மூடுவார். ஈரமண்ணோடு ஈரமண் ஒட்டாமல் காகிதம் காக்கும். சூளையில் காகிதம் எரிந்து போக, உருண்டை தனித்து நிற்கும்.

தகாயேசுவை இயற்கையால் உந்தப்பெற்ற கலைஞர் என்று கலை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இத்தொடர் மிக எளிதாகச் சொல்லப்படுவது. ஆதலின் ஐயத்துடன் நோக்கத்தக்கது. இலையும் பூவும் பறவையும் தீட்டிய மட்கலங்கள் உலகெங்கும் உள. அவற்றைச் செய்தோர் யாவரும் இயற்கையால் உந்தப்பெற்றோர் எனின், தகாயேசுவின் புகழ்பெற்ற கலங்களில் அத்தகைய பூவையும் இலையையும் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அவர் தம் கலங்களுக்கு நிலவு என்றும் மரம் என்றும் விண்மீன் என்றும் பெயரிட்டார், அவற்றை வரையவில்லை. இயற்கை அவரிடம் எவ்வாறு தொழிற்பட்டது என்னும் வினா கவிதை எழுதுவோர்க்கும் உரியதாகலின், அதனைச் சற்று விரிவாகக் காணலாம்.

மட்கலம் அறியாத தீவு

மண்பாண்டம் இல்லாத மனித நாகரிகத்தை நம்மால் எளிதில் எண்ணிப் பார்க்க இயலாது. ஆயின் ஹவாய்த் தீவின் தொல்குடியினர் மட்பாண்டம் செய்ததில்லை. ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் பசிபிக் கடலில் கிழக்கு நோக்கிப் பரவிய 'லாப்பிட்டா' மக்கள் அழகிய மட்கலங்களைச் செய்தனர்; சமோவா, தொங்கா ஆகிய தீவுகள் வரை அக்கலை சென்றது. பின்னர் அங்கேயே அது மறைந்தது. அவர்தம் வழிவந்தோர் பன்னூற்றாண்டுகள் கழித்து ஹவாய் வந்து சேர்ந்தபோது மட்கலத் தொழில் அவர்களோடு வரவில்லை. காரணம் பற்றி ஆய்வாளரிடையே பல கருத்துகள் உண்டு. மரத்தைக் குடைந்த கிண்ணங்களும் உலர்ந்த சுரைக்குடுக்கைகளுமே அங்குக் கலங்களாயின. நீர் கொள்வதும் சுரை. இசைக்கு ஒலிப்பதும் சுரை. 'ஹூலா' ஆடுவோர் கையிலேந்தும் 'உலியுலி' என்பது, விதைகளை உள்ளடக்கி இறகுகளால் அணி செய்யப்பட்ட குடுக்கையே. அசைத்தால் கலகலக்கும்.

தகாயேசு தம் கலத்திற்கு உலியுலியே மூலம் என்று கொண்டதாகக் கூறச் சான்றில்லை. எனினும், மூடிய ஓட்டினுள் உலர்ந்த வித்து உருளும் ஓசை கேட்கும் தீவில் பிறந்த ஒருவரின் செவி, கலத்தினுள் தவறி விழுந்த மண்துணுக்கின் ஒலியைப் பிழையென்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டது வியப்பன்று.

அவர் பிறந்த பெப்பீக்கியோ என்னும் சிற்றூர் ஹவாயின் பெரிய தீவில், கிழக்குக் கடற்கரையில், கரும்புத் தோட்டங்களைச் சார்ந்து அமைந்தது. பெற்றோர் ஒகினாவாவிலிருந்து குடியேறியவர்கள். ஒகினாவா மக்கள் தோட்ட வேலைக்காக ஹவாய்க்கு வரத்தொடங்கியது 1900ஆம் ஆண்டில். பதினொரு குழந்தைகளுள் தோஷிகோ ஆறாமவர். பின்னர்க் குடும்பம் மவுயி தீவுக்குப் பெயர்ந்தது. 1940இல் அவர் ஹோனலூலு நகருக்குச் சென்றார். அங்கே வணிக நோக்கில் மட்பொருள் செய்யும் பட்டறை ஒன்றில் அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுக்கும் வேலை கிடைத்தது. அவருடைய மண் வாழ்க்கை தொடங்கியது இவ்வாறுதான்: ஒரே வடிவைத் திரும்பத் திரும்ப அச்சிலிருந்து உரித்தெடுக்கும் கூலி வேலையில்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஹோனலூலுவை அடுத்த பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1945இல் பெற்றோரின் தாய்மண்ணாகிய ஒகினாவா பெரும்போரில் எரிந்தது. ஜப்பானிய வழியினர் ஒருவர்க்கு அக்காலத்து ஹவாய் வாழ்க்கை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆயின் அவர் கலங்கள் இவற்றைப் பற்றி நேரே எதையும் சொல்வதில்லை. சொல்லாததை வலிந்து ஏற்றிப் பொருள் காண்பது திறனாய்வாளர் சிலர்க்குப் பிடித்தமான பழக்கம். இங்கு அது வேண்டா.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1947இல் மட்கலக் கலைப் பயிற்சியைத் தொடங்கியவர் கிளாட் ஹோரன். அவரிடம் தகாயேசு 1948 முதல் 1951 வரை பயின்றார். அடுத்து மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிரான்புரூக் கலைக்கழகம். அங்கு மூன்றாண்டுகள் அவருக்கு ஆசிரியராய் அமைந்தவர் மையா குரோட்டல். பின்லாந்தில் 1899இல் பிறந்து, 1927இல் அமெரிக்கா வந்து, 1938 முதல் 1966 வரை கிரான்புரூக்கில் கற்பித்த பெருமாட்டி அவர். தம் மாணவர் தம்மைப் போல் வனைவதை அவர் விரும்பவில்லை. மிகக் குறைவாகவே பேசுவார். விடையைத் தாமே கண்டுகொள்ளுமாறு மாணவரை விட்டுவிடுவார். அச்சுப் பட்டறையிலிருந்து வந்த மாணவிக்கு இதைவிட ஏற்ற ஆசிரியர் வாய்த்திருக்க முடியாது. கிரான்புரூக்கில் தகாயேசு நெசவும் கற்றார். தறியை அவர் பின்னர் முற்றிலும் கைவிடவும் இல்லை.

கரும்பை வரைந்தவரும் வரையாதவரும்

1952இல் மூவர் அமெரிக்காவில் பயணம் செய்தனர். இங்கிலாந்துக் கலைஞர் பெர்னார்டு லீச், ஜப்பானியக் கலைஞர் ஹமாதா ஷோஜி, ஜப்பானின் நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தைத் தோற்றுவித்த அறிஞர் யனாகி சோயெட்சு. ஊர் ஊராகச் சென்று அவர்கள் பேசியும் வனைந்தும் காட்டினர். அழகு என்பது பயன்பாட்டில் பிறப்பது. பெயரறியாத கைவினைஞன் நாள்தோறும் செய்யும் சோற்றுக் கிண்ணத்தில் உள்ள அழகு, பெயர் பொறித்த கலைஞன் முயன்று செய்யும் பொருளில் இல்லை. இதுவே யனாகியின் கொள்கைச் சாரம். போருக்குப் பிந்தைய அமெரிக்க இளைஞர்களிடம் இக்கொள்கை ஆழமாக வேரூன்றியது.

தகாயேசுவும் 1955இல் ஜப்பான் சென்றார். தாயும் தமக்கை தங்கையருள் ஒருவரும் உடன் சென்றனர். ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கி ஜென் பௌத்தத்தையும் தேநீர்ச் சடங்கையும் அறிந்தார். ஹமாதா, கனேஷிகே தோயோ, ரோசன்ஜின் ஆகிய பெருங்கலைஞர்களைக் கண்டார். கனேஷிகே, பிசென் ஊர் மரபில், கண்ணாடிப் பூச்சே இல்லாமல் விறகுச் சூளையின் சாம்பலும் சுடருமே கலத்தின்மேல் எழுதுமாறு விட்டவர். மண்ணையும் நெருப்பையும் அவற்றின் போக்கில் செயற்படவிடும் அந்த முறை இளம் கலைஞர் ஒருவரின் உள்ளத்தில் பதியத்தக்கது.

தகாயேசுவைக் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாலம் என்று எழுதுவது இதனாலேயே வழக்கமாயிற்று. இவ்வுவமை பழகிப்போனது மட்டுமன்று, பிழையானதும் ஆகும். பாலம் இரு கரைகளுக்கும் இடையே தொங்குவது. அவருக்கோ சொந்த மண் இருந்தது. அது நடுக்கடலில் எரிமலை உமிழ்ந்த கல்லால் ஆகிய மண்.

இங்கு ஹமாதாவோடு ஓர் ஒப்பீடு பயன் தரும். ஹமாதா இளமையில் ஒகினாவா சென்று, அங்குள்ள த்ஸுபோயா குயவரிடையே தங்கிப் பணிபுரிந்தவர். அங்குக் கண்ட கரும்புத் தோகையைச் சில தூரிகைக் கோடுகளாகச் சுருக்கித் தம் கலங்களில் வரைந்தார். அவ்வடிவையே வாழ்நாள் முழுதும் வரைந்தார். காற்றில் சாயும் ஒரு தண்டு, இரண்டு மூன்று தோகைகள், அவ்வளவே. அக்கோடுகள் மிக அழகியவை. ஒகினாவாப் பெற்றோர்க்குப் பிறந்து, கரும்பு சூழ்ந்த ஊரில் கண்விழித்த தகாயேசுவின் பெயர்பெற்ற கலங்களில் கரும்பைத் தேடினால் கிடைக்காது. வழிப்போக்கராய் வந்தவர்க்குக் கரும்பு ஓவியமாயிற்று. அதனிடையே வளர்ந்தவர்க்கு அது ஓவியமாகவில்லை.

யனாகியின் கொள்கையோடு அவர் சொற்போர் புரிந்ததில்லை. கலத்தின் வாயை மூடினார், அவ்வளவுதான். சோறும் நீரும் பூவும் எதுவும் புக இயலாத கலம் எவ்வகையிலும் பயன்படு பொருள் ஆகாது. அழகு பயன்பாட்டில்தான் பிறக்கும் என்னும் கருத்திற்கு இதைவிட அமைதியான மறுப்பு இருத்தல் அரிது.

வாய் மூடிய வரலாறு

அம்மூடல் ஒரே நாளில் நிகழவில்லை. 1950களில் அவர் இரண்டு வாய்களும் பல வாய்களும் கொண்ட குடுவைகளை வனைந்துவந்தார். வாய் பலவாகியபோதே அவற்றின் பயன் குன்றத் தொடங்கிற்று. பிறகு கழுத்துகள் ஒடுங்கின. 1950களின் இறுதியில் கழுத்து முற்றும் ஒடுங்கி, நுண்துளையோடு கூடிய காம்பு மட்டும் எஞ்சியது. அவர் ஓவியக் கண்ணும் உடையவர். கலத்திற்கு வாய் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு விளிம்பில் முடிந்துவிடும். வாய் மூடப்பட்டதும், தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு பரப்பு வண்ணத்திற்குக் கிடைத்தது. மெய்யியல் விளக்கங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. தொழிலில் எழுந்த தேவையே முன்னது எனக் கருதுவது பொருந்தும்.

சக்கரத்தில் இவ்வாறு மூடுவது எளிய செயலன்று. சுழலும் மண்ணின் சுவரை இரு கைகளாலும் சிறிது சிறிதாக உள்நோக்கி ஒடுக்க வேண்டும். ஒடுங்க ஒடுங்க மண் தடிக்கும்; நீர் மிகுந்தால் நெகிழ்ந்து சரியும்; விரைந்தால் முறுகி மடியும். கடைசியில் விரல் வெளியே வந்தபின், உள்ளே கை நுழையவே முடியாது. அதன்பின் உட்புறத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உள்ளே அடைபட்ட காற்று சுவரை உட்புறமிருந்து தாங்கி நிற்கும். அதனால் மூடிய கலத்தை வெளியிலிருந்து தட்டியும் அழுத்தியும் வடிவு திருத்த இயலும். கலத்தை வனைவதில் பாதி வேலையை அக்காற்றே செய்கிறது எனலாம்.

மூடிய கலம் சூளையில் வெடிக்கும் என்ற அச்சம் குயவர்க்கு இயல்பு. வெடிப்பிற்குக் காரணம் அடைபட்ட காற்று என்றே பலர் நம்புகின்றனர். உண்மையில் பெரும்பாலும் காரணமாவது மண்ணில் எஞ்சிய ஈரம். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு பருமன் கொள்ளும். வெளியேற வழியின்றேல் சுவரைப் பிளக்கும். கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றும் மண்ணிலும் அதன் அமைப்போடு பிணைந்த நீர் உண்டு. அது 450 பாகைக்கு மேல்தான் நீங்கத் தொடங்கும். ஆகவே பெரிய கலம் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் உலர வேண்டும். வனைந்த அளவினின்றும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கித்தான் சுட்ட கலம் வெளிவரும். உச்சியிலுள்ள நுண்துளை அணிக்காக அமைந்ததன்று. கலம் மூச்சுவிடுவதற்கு அதுவே வழி.

காலம் செல்லச் செல்லக் கலங்கள் வளர்ந்தன. கைக்கு அடங்கியவை இடுப்பளவாயின. பின்னர் ஆளுயரமும் அதற்கு மேலும் ஆயின. அத்தகையவற்றை ஒரே மூச்சில் வனைய இயலாது. கீழ்ப்பகுதி சற்று இறுகிய பின்னரே மேற்பகுதியை அதன்மேல் ஏற்றிக் கட்ட வேண்டும். அவசரப்படுவோர்க்கு மண் இடம் கொடாது. பேருருக்களைச் சுடுவதற்கெனப் பல கோடைகளில் அவர் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஸ்கிட்மோர் கல்லூரியின் பெருஞ்சூளைக்குச் சென்றுவந்தார்.

அவர் வண்ணம் இட்ட முறையும் கருதத்தக்கது. கண்ணாடிப் பூச்சு என்பது மண்ணும் கற்பொடியும் உலோகத் துகளும் நீரில் கலந்த குழம்பு. சூளையில் உருகிக் கலத்தின்மேல் கண்ணாடியாய்ப் படிவது. பூசும்போது காணும் நிறம் வேறு, சுட்டபின் தோன்றும் நிறம் வேறு. செம்புத் துகள் கலந்த பூச்சு, சூளையில் காற்று தாராளமாய் இருந்தால் பச்சையாகும். காற்றைக் குறைத்துப் புகையச் சுட்டால் சிவப்பாகும். தகாயேசு பெரிய கலங்களைச் சுற்றி நடந்தவாறே பூச்சினை ஊற்றுவார், தூரிகையால் வீசுவார். வழிவது வழிந்தபடியே நிற்கும். அவர் மிகுதியும் விரும்பிய ஆழ்ந்த நீலத்திற்கு ஓவாகூ தீவின் மேற்குக் கரையிலுள்ள ஊரின் பெயரால் 'மகாஹா நீலம்' என்று பெயர். அதில் கடல் வரையப்படவில்லை. ஆயினும் அக்கலத்தைச் சுற்றி வருபவர் கடலோரத்தில் நடந்த உணர்வை எய்துவர். முன்புறம் பின்புறம் என்பதில்லாத கலத்தை ஒரு பார்வையில் முழுதும் காணவும் இயலாது. காண்பவர் எங்கு நின்றாலும் ஒரு பாதி மறைந்தே நிற்கும்.

தமிழ்க் கவிதை மரபில் உள்ளுறை என்றொரு சொல் உண்டு. அகப்பாடல் உத்தியைக் குறிக்கும் அச்சொல்லுக்கும் ஹவாய்க் கலைஞர்க்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் தெரிவதைக் கொண்டு தெரியாததை உணரச் செய்யும் ஆற்றலுக்கு அதைவிடச் சிறந்த பெயர் கிடைப்பது அரிது. தம் கலத்தின் தலையாய பகுதி யாரும் காணவியலாத உள்ளிருளே என்பது அம்மையார் பலகாலும் கூறிவந்த கருத்து.

எரிந்த காடு

1959ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ஹவாயின் பெரிய தீவில் கிலாவேயா இக்கி என்னும் எரிமலை வாய் வெடித்தது. டிசம்பர் 20 வரை அவ்வப்போது அடங்கியும் எழுந்தும் உமிழ்ந்தது. தீக்குழம்பு ஒருமுறை 580 மீட்டர் உயரம் வரை ஊற்றாய்ப் பீறிட்டது. அண்டையிலிருந்த ஓஹியா மரக்காட்டின்மேல் எரிகற்களும் நுரைக்கற்களும் மழையாய்ப் பொழிந்தன. இலையும் கிளையும் இழந்து வெளுத்த அடிமரங்கள் கரிய சாம்பல் வெளியில் நின்றன. பின்னாளில் அதனூடே பார்வையாளர்க்கு ஒரு நடைபாதை அமைக்கப்பட்டு, 'அழிவின் பாதை' என்று பொருள்படும் பெயரும் இடப்பட்டது. ஹவாய் அமெரிக்க மாநிலமானதும் அதே 1959இல்தான்.

வெடிப்பு நிகழ்ந்தபோது தகாயேசு நெடுந்தொலைவில், கிளீவ்லாந்து கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். அக்காடு அவர் கலையில் வந்து சேரக் காலம் பிடித்தது. மரத்தண்டு போன்று உயர்ந்த மூடிய உருளைகளை 1970களில் செய்யத் தொடங்கினார். 1982 முதல் 1987 வரை உருவான கலத்தொகுதிக்கு 'அழிந்த காட்டிற்கு அஞ்சலி' என்பது பெயர். 'மர மனிதர் காடு' என்றும் வழங்கும். ஒல்லியாய் நெடிதுயர்ந்த மட்தண்டுகள் கூட்டமாய் நிற்கின்றன. அவற்றில் கிளையில்லை, இலையில்லை. மரமா மனிதரா என்று பிரித்தறிய இயலாத நிலை.

எரிமலை நாட்டில் மற்றொரு காட்சியும் உண்டு. ஓடிவரும் தீக்குழம்பு ஈரமுள்ள பெருமரத்தைச் சூழ்ந்துகொள்ளும்போது, மரத்தைத் தொட்ட பகுதி முதலில் குளிர்ந்து கல்லாகும். மரம் உள்ளேயே எரிந்து கரியும். குழம்பு வடிந்த பின், மரம் நின்ற இடத்தில் கல்லாலான குழாய் நிற்கும். நடுவே மரத்தின் வடிவில் வெற்றிடம். பெரிய தீவின் பஹோவா ஊரருகே அத்தகைய கற்றூண்கள் நிறைந்த பூங்காவே உள்ளது. மண்ணும் நெருப்பும் சேர்ந்து ஓர் இன்மையைச் சுற்றிச் சுவர் எழுப்பும் செயல், எரிமலை செய்யும் குயத்தொழில் என்றே கூறலாம். காகிதம் எரிந்து மண்ணுருண்டை எஞ்சும் தகாயேசுவின் கலம் அதே தொழிலைச் சிறிய அளவில் செய்கிறது. மரத்தைப் பார்த்து மரத்தின் படம் வரைவது ஒன்று. மரத்தையும் கல்லையும் ஆக்கி அழிக்கும் செயலைத் தன் கையில் ஏற்றுக்கொள்வது வேறொன்று. தகாயேசுவின் இயற்கை இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இதே நோக்கில்தான் அவருடைய நிலவுகளும் அமைந்தன. இரு அரைக்கோளங்களை இணைத்து முழு உருண்டையாக்கினார். 'கேயா' என்று கிரேக்கரின் நிலமகள் பெயரிட்ட தொகுதியில், இவ்வுருண்டைகள் வலையாலான தூளிகளில் கிடத்தப்பட்டுத் தொங்குகின்றன. கனத்த மண் நிலவு, குழந்தை போல் தூளியில் கிடக்கிறது. 1990களின் இறுதியை ஒட்டி உருவான 'விண்மீன் வரிசை'யில் ஆளுயரக் கலங்கள் பதினான்கு. அவை இப்போது விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

தோட்டமும் அடுப்பும் சூளையும்

1967 முதல் 1992இல் ஓய்வு பெறும்வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார். 1975 முதல் நியூ ஜெர்சியின் குவேக்கர்டவுன் என்னும் சிற்றூரில் அவர்தம் இல்லமும் பட்டறையும் தோட்டமும் ஒருங்கே அமைந்தன. தொழில் கற்க வந்தோர் அங்கேயே தங்கினர். வந்தவர்க்கு முதலில் கிடைப்பது சக்கரமன்று. களை எடுக்க வேண்டும், சமைக்க வேண்டும், மண் பிசைய வேண்டும். காளானையும் ஆப்பிளையும் உலர்த்தச் சூளையின் வெப்பம் பயன்பட்டது. வனைதல், சமைத்தல், காய்கறி வளர்த்தல் ஆகிய மூன்றுக்கும் தம் வாழ்வில் வேறுபாடில்லை என்பது அவர் கூற்று. பயன்படு கலத்தை மறுத்தவர் என்று அவரைக் கருதுவோர் இதனையும் சேர்த்துக் காண வேண்டும். அவர் உண்ணும் கிண்ணங்களையும் தட்டுகளையும் கடைசிவரை செய்துகொண்டே இருந்தார். வீட்டில் அவற்றிலேயே விருந்தும் படைத்தார்.

அவர் காலத்து அமெரிக்க மட்கலக் கலையில் பெருங்குரலாய் ஒலித்தவர் பீட்டர் வோல்க்கோஸ். 1954 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்த அவர், கலங்களைக் கிழித்தும் குத்தியும் அடுக்கியும் கலம் என்னும் கருத்தையே தகர்த்தார். இளைஞர் கூட்டம் அவர் பின் சென்றது. வரலாறும் அவரையே முன்னிறுத்திற்று. தகாயேசு கலத்தை உடைக்காமலே அதனைச் சிற்பமாக்கினார். ஓசையின்றிச் செய்த புரட்சி என்பதால் அதற்குரிய இடம் தாமதமாகவே வழங்கப்பட்டது. பெண் என்பதும், ஆசிரியப் பணியில் இருந்தவர் என்பதும், மட்கலம் கைவினையே அன்றிக் கலையாகாது என்ற நகரக் கூடங்களின் எண்ணமும் இத்தாமதத்திற்குத் துணை நின்றன. அவரோ விற்பதினும் கொடுப்பதில் ஆர்வம் உடையவராய், தம் படைப்புகள் பலவற்றை அருங்காட்சியகங்களுக்கு நன்கொடையாக அளித்தார்.

மண்ணைத் தவிர வெண்கலத்திலும் அவர் பணிபுரிந்தார், மணிகளை வார்த்தார். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலில் உயிரிழந்த பிரின்ஸ்டன் முன்னாள் மாணவர்க்காகப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்த நினைவுத் தோட்டத்தில் அவர் செய்த மணியொன்று தொங்குகிறது. 'நினைவு' என்பது அதன் பெயர்.

2011 மார்ச் 9ஆம் நாள் தகாயேசு ஹோனலூலுவில் காலமானார். அகவை 88. அவர் கலங்கள் அருங்காட்சியகங்களின் மேடைகளில் ஏறின. மேடையேறிய கலத்தைத் தொடக்கூடாது என்பது அங்கு விதி. வண்ணத்தை அனைவரும் கண்டனர். ஒலியைக் கேட்டவர் இல்லை. ஆட்டினால் அன்றிக் கலம் பேசாது.

2024இல் நியூயார்க்கின் நோகுச்சி அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்காட்சி தொடங்கியது. அதனை அமைத்தோருள் ஒருவர் ஹவாய்த் தொல்குடி மரபைச் சார்ந்த இசையமைப்பாளர் லெய்லேஹூவா லான்சிலொட்டி. கலங்களின் உள்ளோசையையும் காட்சியின் ஒரு பகுதியாக்கி அவர் கேட்கச் செய்தார். காகிதத்தில் சுற்றி அம்மையார் உள்ளே இட்ட மண்ணுருண்டைகள் மீண்டும் உருண்டன.